பனிக்காலத்தில் முட்டை நின்றுவிட்டது. பாட்டி வீட்டுக் கோழிகள் மட்டும் எப்படி இட்டன?

கேள்வி: கிழக்கு வேலி

வீட்டின் பின்புறத்தில் ஐந்து பெட்டைக்கோழிகளை வளர்த்து வருகிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு வயது கடந்துவிட்டது. பகல் பொழுது சுருங்கத் தொடங்கியதிலிருந்து முட்டை படிப்படியாகக் குறைந்து, கடந்த மூன்று வாரங்களாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு கோழிகளுக்குக் கழுத்திலும் வாலிலும் இறகு கொட்டி, பார்க்கவே பரிதாபமாக இருக்கின்றன. தீவனத்தை நான் மாற்றவில்லை. சளியோ கழிச்சலோ இல்லை.

போதாக்குறைக்குத் தோட்டத்திலும் ஓர் இழப்பு. பனிக்காலத்துக்கென்று முட்டைக்கோஸ், கீரை, பூண்டு போட்டிருந்த பாத்தியில் நத்தைகளைக் கண்டு, கோழிகள் அவற்றைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கையில் அரை மணி நேரம் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது பூண்டுப் பற்கள் முளையோடு மண்ணுக்கு மேலே கிடந்தன. அவை இருந்த குழியில் ஒரு கோழி ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு மண்குளியல் நடத்திக்கொண்டிருந்தது. நத்தைகள் அப்படியே இருந்தன.

என்னைக் குழப்புவது வேறொன்று. சிறுவயதில் பாட்டி வீட்டில் பனிக்காலத்திலும் முட்டை எடுத்திருக்கிறேன். விடியற்காலையில் கூட்டுக்குள் கைவிட்டு, வைக்கோலைத் தடவி, வெதுவெதுப்பான முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். கன்னம் குளிரில் மரத்திருந்தது நன்றாக நினைவிருப்பதால், காலத்தை நான் மாற்றி நினைக்கவில்லை. பாட்டியின் கூட்டில் மின்விளக்கும் கிடையாது. அப்படியென்றால் நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1: உமி மூட்டை

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. கோழி முட்டையிடுவதை முதன்மையாகத் தீர்மானிப்பது குளிர் அல்ல, வெளிச்சம். நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் கிடைத்தால்தான் சினைப்பை தடையின்றி இயங்கும். அந்த வெளிச்சத்தைக் கோழி கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மெல்லிய மண்டையோட்டைக் கடந்து மூளையின் உட்பகுதியை எட்டும் ஒளியும் அதற்குக் கணக்கில் சேரும்.

இறகு கொட்டுவதும் இதே காலத்தில் நிகழ்வது இயல்பு. இறகில் ஏறத்தாழ 85 சதவீதம் புரதம் என்பதால், புது இறகை முளைக்கவைக்கும் உடல் அதே நேரத்தில் முட்டையையும் உருவாக்க முயல்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை புரதம் கூடுதலான தீவனம் கொடுங்கள். அவசியமில்லாமல் கையில் தூக்காதீர்கள். முளைத்து வரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால், அழுத்தினால் வலிக்கும்.

விளக்கு வைப்பதானால் மாலையில் வேண்டாம், விடியலுக்கு முன் எரியும்படி வையுங்கள். இரவில் திடீரென்று அணைந்தால், உறங்கும் பரணில் இன்னும் ஏறாத கோழி இருட்டில் தடுமாறும். நான் விளக்கே வைப்பதில்லை. ஆண்டு முழுவதும் இட்டுக்கொண்டிருந்த உயிருக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, குளிருக்குப் பயந்து கூட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். எச்சத்தின் ஈரமும் அதிலிருந்து எழும் அம்மோனியா நெடியும் குளிரைவிடக் கெடுதல். காற்று, பரணுக்கு மேலே ஒரு திறப்பின் வழியாக வெளியேற வேண்டும். கோழியின் மேல் நேராக வீசக் கூடாது.

பதில் 2: மண்வெட்டிக் காம்பு

தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோழியும் நாற்றும் ஒரே நேரத்தில் ஒரே பாத்தியில் இருக்க முடியாது. புதிதாகக் கிளறப்பட்ட மண் கோழிக்கு ஓர் அழைப்பு. அறுவடை முடிந்த பாத்தியிலும், விதைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் பாத்தியிலும் விடுங்கள். பூண்டு இருக்கும் இடத்தில் கம்பிவலையைத் தரையோடு படுக்கவைத்து ஓரங்களில் கல் வைத்தால், முளை வலைக்கண் வழியே மேலே வரும், கால் நகம் உள்ளே போகாது. முட்டைக்கோஸுக்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். கோழியை மூடும் கூடை செடியை மூடினாலும் வேலை செய்யும்.

கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்திருப்பதால் வேர் கருகும், நோய்க்கிருமிகளும் இருக்கும். சருகோடு கலந்து மக்கவைத்துப் பல மாதங்கள் கழித்துப் பயன்படுத்துங்கள். நத்தையை இரவில் கைவிளக்கோடு சென்று நீங்களே பொறுக்குவதுதான் நல்லது.

பதில் 3: அடைக்கோழி

முதல் பதிலில் உள்ளவை அனைத்தும் சரி. ஆனால், கேட்டவரின் உண்மையான கேள்வி பாட்டியைப் பற்றியது. அதற்கு விடை வரவில்லை.

உங்கள் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் அடை வைத்தாரா? 21 நாளில் பொரித்த குஞ்சு, ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழியாகிவிடும். குளிர் விலகும் பருவத்தில் பொரித்த குஞ்சுகள் அந்த ஆண்டின் பகல் சுருங்கும் வேளையில்தான் முதன்முதலாக இடத் தொடங்கும். அவற்றில் பல அந்த ஆண்டு முழுமையாக இறகு உதிர்ப்பதில்லை. முதல் பனிக்காலத்தில் சற்றுக் குறைவாகவேனும் இட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் உங்கள் கோழிகளைப் போல நிறுத்திவிடும். பாட்டியின் கூட்டில் ஆண்டுதோறும் புதிய விடைக்கோழிகள் இருந்திருந்தால், நீங்கள் எடுத்தவை அவற்றின் முட்டைகளே. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. விடைக்கோழியின் தொடக்க முட்டைகள் சிறியவை. நீங்கள் கன்னத்தில் வைத்த முட்டை எவ்வளவு பெரியது?

நீங்களும் அப்படிச் செய்ய நினைத்தால், புதியவற்றை எடுத்தவுடன் பழைய கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். சில வாரங்கள் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. அதை 1921இல் ஆய்வாக எழுதியவர் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் அவர். கூட்டின் முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நீங்கள் மட்டும் தனி இல்லை.

ஆண்டுதோறும் குஞ்சுகள் வந்தும் கூட்டின் எண்ணிக்கை கூடவில்லை என்றால், பழைய கோழிகள் எங்கே போயின என்ற கேள்வியும் எழும். அதைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

மறுமொழி: கிழக்கு வேலி

மூவருக்கும் நன்றி. கம்பிவலையை இன்றே விரித்துவிட்டேன். மிஞ்சிய பூண்டுப் பற்களை மறுபடி ஊன்றியிருக்கிறேன்.

முட்டையின் அளவைக் கேட்டதும்தான் நினைவு தெளிந்தது. ஆறேழு வயதில் என் மூடிய கைக்குள் அது முழுவதும் அடங்கிவிடும். ஒருமுறை ஓட்டின் மேல் கோடாக இரத்தம் இருப்பதைக் கண்டு கோழிக்கு அடிபட்டுவிட்டதென்று அழுதேன். பாட்டி அதைக் கட்டைவிரலால் துடைத்து, "தலைமுட்டை, அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆகவே அது விடைக்கோழியின் முட்டைதான். அடைக்கோழி அவர்கள் சொன்னது சரி.

என் ஐந்து கோழிகளும் இங்கேயே இருக்கும். குளிர் போனதும் ஒன்றை அடை வைத்துப் பார்க்கிறேன்.

கடைசிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. எனக்குப் பிரியமான கறுப்புக் கோழியை ஓர் ஆண்டு காணவில்லை. சித்தி கேட்டதால் அவளிடம் கொடுத்துவிட்டதாகப் பாட்டி சொன்னார். சித்தி வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே கோழிக்கூடே இருந்ததில்லை.