6 = 10 என்று முடிந்த கணக்கு

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தாவது படிக்கும் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, கணக்கையே தப்பா கொடுத்திருக்காங்க." கடைசி வரியில் 6 = 10 என்று எழுதி, வட்டமும் போட்டிருந்தாள்.

எக்ஸ், 3 எக்ஸ், எக்ஸ் + 6 ஆகியவற்றின் வீச்சு 10. இடைநிலை அளவு என்ன? இதுதான் கேள்வி.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு. சிறியதிலிருந்து பெரியதாக, அதாவது ஏறு வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது இடைநிலை அளவு; நடுவில் இரண்டு இருந்தால் அவற்றின் சராசரி. இவள் கொடுத்த வரிசையையே ஏறு வரிசை என்று நம்பி, கடைசியிலிருந்து முதலைக் கழித்துவிட்டாள். எக்ஸ் அடிபட்டு 6 மிஞ்சியது. அவளைக் குறை சொல்ல முடியாது. பழகியதெல்லாம் 11, 12, 14, 18, எக்ஸ் + 2, எக்ஸ் + 4, 30, 32, 35, 41 மாதிரி கணக்குகள். 'ஏறு வரிசையில் உள்ளன' என்று கூடவே சொல்லிவிடுவார்கள். இடைநிலை 24 என்றால் எக்ஸ் + 3 = 24, எக்ஸ் 21. ஒரு நிமிட வேலை. இங்கே எது பெரியது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

"எக்ஸுக்கு 1 போடும்மா" என்றேன். 1, 3, 7, வீச்சு 6. 2 போட்டால் 2, 6, 8; மறுபடியும் 6. 4 போட்டதும் 4, 12, 10. "அட, 3 எக்ஸ் முந்திடுச்சு!" எக்ஸ் 3-ஐத் தாண்டினால் வீச்சு 2 எக்ஸ். அது 10 என்றால் எக்ஸ் 5. எண்கள் 5, 11, 15. இடைநிலை 11.

நானும் அதோடு மூடிவிட்டேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள், "எக்ஸ் மைனஸா இருந்தா?" அப்போது 3 எக்ஸ்தான் சிறியது. எக்ஸ் + 6 − 3 எக்ஸ் = 10, எக்ஸ் −2. எண்கள் −6, −2, 4. வீச்சு 10, இடைநிலை −2! விடைக்குறிப்பில் 11 மட்டும்தான் இருந்தது.

—

உங்கள் மகளின் கதையைப் படித்தேன். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் வேறு கரைச்சல். சராசரிக்கு இடை, உங்கள் இடைநிலை அளவுக்கு இடையம். சாதாரண தரம் படிக்கிற காலத்தில் இரண்டையும் குழப்பியே கணக்குச் செய்தேன். எக்ஸ் − 3, எக்ஸ், எக்ஸ் + 3 என்று வந்தால் இரண்டும் ஒன்றுதானே, பிழை வெளியே தெரியவில்லை. ஒருநாள் எக்ஸ், எக்ஸ் + 1, எக்ஸ் + 9 இல் இடையம் கேட்க, கூட்டி 3 ஆல் பிரிக்கப் போய் மாட்டுப்பட்டேன்.

—

என் கதை வீச்சும் வீச்சகமும். சார்பின் வீச்சகத்தை, அதாவது அது தரும் எல்லா மதிப்புகளையும், கணமாக எழுதச் சொன்னார்கள். நான் பெரியதில் சிறியதைக் கழித்து ஒரே எண்ணை எழுதி வைத்தேன். அது கிடக்கட்டும். முதலில் எழுதியவருக்கு: அந்தக் கணக்கில் வீச்சு 6 என்று இருந்திருந்தால்? மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

—

மகளிடம் கேட்டேன். "எக்ஸ் 0-லேருந்து 3 வரைக்கும் எது வேணாலும் இருக்கலாம். இடைநிலை 3 எக்ஸ், அதுவும் 0-லேருந்து 9 வரைக்கும் எது வேணாலும் வரும். இப்பதான்ப்பா நிஜமாவே கணக்கைத் தப்பா கொடுத்திருக்காங்க" என்றாள்.