ஏதென்ஸிலிருந்து மைசீனி, எபிடாரஸ்: ஒரே நாளில் முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் அம்மாவுடன் ஏதென்ஸ் போகிறேன். அங்கிருந்து ஒரு நாள் பழங்காலக் கோட்டை நகரமான மைசீனிக்கும், பழைய கிரேக்கத் திறந்தவெளி அரங்கு உள்ள எபிடாரஸுக்கும் போய்வர ஆசை. போனவர்கள் வழி சொல்லுங்கள்.

எனக்கு முக்கியம் மைசீனிதான். கி.மு. 1250 வாக்கில் கட்டிய சிங்க வாசல், மேலே தலை உடைந்துபோன இரண்டு சிங்கங்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே கனவு. 1876இல் தொல்லியலாளர் ஷ்லீமன் அங்கே தோண்டியெடுத்த தங்க முகமூடி ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதால் அதை முந்தின நாளே பார்த்துவிடுவோம்.

மைசீனிக்குப் பேருந்தில் போனால் ஃபிக்தி என்ற ஊரில் இறங்கி, மேலே சில கிலோமீட்டர் போக வேண்டுமாம். அங்கே டாக்சி கிடைக்குமா? இல்லை, வாடகைக் கார்தான் சரியா? அம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டைக்குள் ஏற்றம் எவ்வளவு, கல் வழுக்குமா, உட்கார நிழல் உண்டா? எபிடாரஸ் அரங்கில் மேல்வரிசை வரை ஏறாமல் கீழேயிருந்தே ரசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், போகிற வழியில் கொரிந்த் கால்வாயில் கொஞ்சம் நிறுத்தலாம். பழைய கொரிந்தின் அப்பல்லோ கோயிலையும் சேர்த்தால் அம்மாவுக்கு அலைச்சல் கூடிவிடுமோ? வயதானவர்களைக் கூட்டிப்போன அனுபவம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.