என்.ஹெச்.எஸ். டிரஸ்ட் ஒப்பந்தத்தில் 'ரிடெயின்டு டியூட்டி' என்றால் என்ன? பகுதிநேரத் தீயணைப்பு வேலையும் சேர்த்துப் பார்க்கலாமா?

வடக்குக்காற்று:

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) டிரஸ்ட் மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். வாரம் 37.5 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி ஷிஃப்ட். நாங்கள் இருப்பது சின்ன ஊர், தீயணைப்பு நிலையம் அடுத்த தெருவில்தான். பகுதிநேர வேலைக்கு ஆள் தேவை என்று அதன் வாசலில் ரொம்ப நாளாகப் பலகை தொங்குகிறது. விண்ணப்பிக்க எனக்கு உண்மையாகவே ஆசை.

அதற்கு முன் என் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வேறு வேலை பார்ப்பதானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதோடு சிறப்பு விடுப்பு விதிகளில், ரிசர்வ் படை (பகுதிநேர ராணுவப் பணி), மாஜிஸ்திரேட் பணி (இங்கே சம்பளம் இல்லாத பகுதிநேர நீதிபதி வேலை) ஆகியவற்றுக்குக் கீழே 'ரிடெயின்டு டியூட்டி' என்றும் போட்டு, 'மேலாளரின் முடிவுக்கு உட்பட்டது' என்று முடித்திருக்கிறார்கள். ஷிஃப்ட் நடுவே பேஜர் அடித்தால் நான் போகலாம் என்று இதற்கு அர்த்தமா? போனால் சம்பளம் பிடிப்பார்களா? வார்டில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள். குடியுரிமை வாங்கியாயிற்று, அதனால் விசா சிக்கல் எனக்கு இல்லை.

செங்கதிர்:

ஷிஃப்ட் நடுவே போகலாம் என்று அர்த்தம் இல்லை அக்கா. நான் வேல்ஸில் இதே பகுதிநேரத் தீயணைப்பு வேலையில் இருக்கிறேன், பகலில் எனக்கு வேறு உத்தியோகம். ரிடெயின்டு என்று முன்பு சொன்னதை இப்போது பெரும்பாலும் ஆன்-கால் என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். முழுநேர வீரர்களைப் போல நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். வாரத்தில் எந்தெந்த நேரம் கூப்பிட்டால் வருவேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம், அந்த நேரத்தில் பேஜர் அடித்தால் சில நிமிடங்களுக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும். பல இடங்களில் ஐந்து நிமிடம்தான் கணக்கு, அதனால்தான் வீடோ வேலையிடமோ பக்கத்தில் இருக்கிற ஆட்களையே எடுக்கிறார்கள். லண்டனில் இந்த முறையே கிடையாது. ஆனால் இங்கிலாந்து முழுவதற்கும் பார்த்தால் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆன்-கால்தான், சின்ன ஊர்களும் கிராமங்களும் இவர்களை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கூப்பிட்டபோது போவது மட்டும் இல்லை, வருவேன் என்று சொன்ன நேரத்தில் வரக்கூடிய நிலையில் இருப்பதே இங்கே வேலை. வண்டி கிளம்பப் பொதுவாகக் குறைந்தது நான்கு பேர் வேண்டும்: ஓட்டுநர், பொறுப்பு அதிகாரி, சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போக இரண்டு பேர். மூன்று பேர் உடுப்பைப் போட்டு, பூட்ஸ் மாட்டி, வண்டியின் இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்க, நான்காவது ஆள் கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்புகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நான்காவது ஆள் நீங்களாக இருந்து, கையில் நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியோடு வார்டில் நின்றால் இரண்டு பக்கமும் கெட்டுவிடும். அதனால் வார்டில் இருக்கும் நேரம் முழுவதையும் 'வர இயலாது' என்று தீயணைப்பு நிலையத்தின் ஆப்பில் குறித்துவிடுங்கள். உங்கள் இரவுகள், விடுமுறை நாட்கள், ஷிஃப்ட் இல்லாத பகல்கள், இவற்றை மட்டும் கொடுங்கள். பகலில் ஊரில் இருக்கிற ஆட்களுக்குத்தான் எல்லா நிலையத்திலும் தட்டுப்பாடு, ஷிஃப்ட் வேலை பார்க்கிற நர்ஸ் வார நாளில் பகல் நேரம் கொடுத்தால் விட மாட்டார்கள்.

தராசு:

மருத்துவமனையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருக்கிறேன். செங்கதிர் சொன்னது சரி, சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் விதிகளில் அந்த மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டிருப்பதால் மூன்றும் ஒரே மாதிரி உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். மாஜிஸ்திரேட், கவுன்சிலர் போன்றவர்களுக்கு நியாயமான அளவு நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது (அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை). ரிசர்வ் படையில் இருந்து அழைக்கப்பட்டுப் போகிறவர்களின் வேலைக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகப் பாதுகாப்பு தருகிறது. ஆன்-கால் தீயணைப்பு வீரர் இந்த இரண்டிலும் இல்லை. ஆக, உங்களிடம் இருப்பது டிரஸ்ட் தன் விருப்பத்தில் எழுதி வைத்திருக்கிற ஒரு சலுகை, அவ்வளவுதான். சம்பளத்தோடு விடுப்பா, சம்பளம் இல்லாமலா, வருஷத்துக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த டிரஸ்டின் விதிகள் சொல்கிறபடி. ஒவ்வொரு டிரஸ்டும் தனித்தனி முதலாளி, பக்கத்து ஊர் டிரஸ்டில் கொடுக்கிறார்கள் என்று காட்டி இங்கே கேட்க முடியாது.

விதிகளில் உள்ள 'ரிடெயின்டு டியூட்டி' என்ற அந்தச் சொல் உங்களுக்கு உண்மையில் உதவப் போகிற இடம் பேஜர் அழைப்பு இல்லை, பயிற்சி. சேர்ந்ததும் அடிப்படைப் பயிற்சி, பிறகு சுவாசக் கருவிப் பயிற்சி என்று நாட்கணக்கில் தொடர்ச்சியாகப் போக வேண்டியிருக்கும். அதற்குச் சிறப்பு விடுப்பு கேளுங்கள், மறுத்தால் வருடாந்திர விடுப்புதான் வழி. வாராந்திர டிரில் (ஒத்திகைப் பயிற்சி) மாலை நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம், அதற்கு ரோஸ்டரில் (ஷிஃப்ட் அட்டவணை) அந்த ஒரு மாலையை ஒதுக்கித் தரச் சொன்னால் போதும்.

அப்புறம் வேலை நேரம். 1998ஆம் ஆண்டு விதிகள்படி வாரம் சராசரி 48 மணி நேரம், 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு. வீட்டில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமா என்பது பெரிய வழக்காகவே போயிருக்கிறது. பெல்ஜியத்தில் மாட்சாக் என்ற பகுதிநேரத் தீயணைப்பு வீரர், அழைத்தால் எட்டு நிமிடத்தில் வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வீட்டில் இருந்தது வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021இல் டப்ளின் ஆன்-கால் வீரர் ஒருவரின் வழக்கில், அவர் காத்திருக்கும் நேரத்தில் டாக்ஸி ஓட்டிச் சம்பாதிக்க அனுமதி இருந்தது, எல்லா அழைப்புக்கும் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அதனால் அது வேலை நேரம் ஆகாது என்ற பக்கம் நின்றது. பிந்தைய தீர்ப்பு பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வந்தது, இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். காத்திருப்பு எப்படிப் போனாலும், டிரில்லும் அழைப்புக்குப் போகிற நேரமும் சந்தேகமில்லாமல் வேலை நேரம். டிரஸ்ட் உங்களிடம் இந்தக் கணக்கைத்தான் கேட்கும்.

யாழ்தேவி:

மற்றவர்கள் தொடாத சிலதை நான் சொல்கிறேன் தங்கச்சி.

சம்பளம் ஒரே தொகையாக வராது. தயாராக இருப்பதற்கு ஆண்டுக் கட்டணம் ஒன்று, அது முழுநேர வீரரின் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் அழைப்புக்கும் டிரில்லுக்கும் தனித்தனியாக. இரண்டாவது வேலை என்பதால் வழக்கமாக பி.ஆர். என்ற வரிக் குறியீடு விழும், 12,570 பவுண்ட் வரிவிலக்கு முழுவதையும் மருத்துவமனைச் சம்பளம் எடுத்துக்கொண்டிருக்குமே, அதனால் இங்கே முதல் பவுண்டில் இருந்தே 20 சதவீதம் போகும். பென்ஷனும் உண்டு, என்.ஹெச்.எஸ். பென்ஷனோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமை சும்மா வரவில்லை. பகுதிநேரத் தீயணைப்பு வீரர்கள் கென்ட் தீயணைப்பு ஆணையத்துக்கு எதிராக வழக்காடி, முழுநேரத்தவரோடு தங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை 2006இல் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போய் வென்றெடுத்தார்கள்.

சுகவீன விடுப்பில் மிகக் கவனமாக இருங்கள். முதுகுவலி என்று வார்டுக்கு அறிவித்துவிட்டு அன்றிரவு தீயணைப்பு வண்டியில் ஏறினால் அதை மோசடி விசாரணையாகவே எடுப்பார்கள், உங்கள் நர்ஸ் பதிவுக்கும் ஆபத்து. ஒரு பக்கம் சுகமில்லை என்றால் மறுபக்கமும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கு: ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருந்தால் கூடுதல் வேலைக்கு வாரம் 20 மணி நேர வரம்பும் வேறு நிபந்தனைகளும் உண்டு. குடிவரவு ஆலோசகரோடு கதைக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வடக்குக்காற்று:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்போது தெளிவாகப் புரிகிறது. ஒரே ஒரு கேள்வி: நள்ளிரவில் அழைப்புக்குப் போய், காலை ஏழரைக்கு எனக்கு ஷிஃப்ட் என்றால் என்ன செய்வது?

செங்கதிர்:

நீண்ட பகல் ஷிஃப்டுக்கு முந்தைய இரவைக் கொடுக்காதீர்கள். இரவு 2 மணிக்குப் போன கார் விபத்தில் இருந்து 5 மணிக்குத் திரும்பி, உபகரணங்களைக் கழுவி அடுக்கி வீடு வந்தால் ஆறாகிவிடும். அந்தக் கண்ணோடு மருந்து அளவு பார்ப்பது நோயாளிக்குச் செய்கிற அநியாயம். இதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள்: எந்த நேரம் கொடுப்பேன், ஷிஃப்ட் நேரத்திலும் அதற்கு முந்தைய இரவிலும் வர இயலாது என்று குறித்துவிடுவேன், பயிற்சிக்கு எத்தனை நாள் தேவைப்படும், சராசரி வேலை நேரம் எவ்வளவு வரும். மேலாளர் பயப்படுவது இவற்றுக்குத்தான், அவர் கேட்பதற்கு முன்பே பதில் கையில் இருந்தால் மறுக்கக் காரணம் குறையும். பதிலை எழுத்திலேயே வாங்குங்கள், மேலாளர் மாறினாலும் அந்தத் தாள் இருக்கும். தீயணைப்பு நிலையத்தில் டிரில் மாலைக்குப் போய் நிலையப் பொறுப்பாளரிடம் உங்கள் ரோஸ்டரைக் காட்டுங்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எது சாத்தியம் என்று சொல்லிவிடுவார்.