பதினொன்றாம் வகுப்பின் எள்ளுருண்டை வியாபாரம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன். தொழில் தொடங்குவதைப் புத்தகத்தோடு நிறுத்தாமல் செய்தே பார்க்கலாம் என்றேன்; ஆறு பேர் எள்ளுருண்டை விற்கக் கிளம்பிவிட்டார்கள்.

முதல் சிக்கல் விலை. எள்ளுக்கும் வெல்லத்துக்கும் மட்டும் கணக்குப் போட்டு, ஒன்று ஐந்து ரூபாய் என்றார்கள். கேஸ், உழைப்பெல்லாம் எங்கே என்று கேட்டால், "அம்மா சும்மாதானே செய்வாங்க மிஸ்!" சிரித்துவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டு உழைப்புக்கு விலை போடுவதை நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

அடுத்து, இந்திய ஒப்பந்தச் சட்டப்படி (1872) 18 வயது ஆகாதவர்கள் ஒப்பந்தம் செய்ய முடியாது. அப்படியானால் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெற்றோர் ஒருவர் பெயரில் எடுப்பதுதான் வழியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் முதலீடு. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டத்தில் மாணவருக்குத் தலா 2,000 ரூபாய் தந்தார்கள். எங்களுக்கு மொத்தமே 600 போதும். நானே தந்துவிடலாம்; நஷ்டமானால் அவர்களுக்கு உறைக்காதே! திருப்பித் தரும் கடனாகக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதல் விற்பனை ஆண்டு விழாவில். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.