டச்சுக் காலத்து இஜென் எரிமலை வரைபடம் அட்லாண்டிக்கில் போய் விழுகிறது, உதவுங்கள்

மலைக்குருவி:
ஜாவாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் இஜென் எரிமலைக்குப் பழைய டச்சு டோப்போ தாள் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. அமில ஏரி, பள்ளத்தின் விளிம்பு எல்லாம் சமஉயரக் கோடுகளில் அவ்வளவு அழகு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நான்கு மூலைகளுக்கும் தாளில் அச்சிட்ட எண்களையே கொடுத்தேன். அட்சரேகை 8 டிகிரி தெற்கு, சரிதான். தீர்க்கரேகைதான் 7 டிகிரி சொச்சம். படம் அங்கோலாவுக்கு மேற்கே நடுக்கடலில் மிதக்கிறது! இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பழைய காம்பஸ்:
தாளின் ஓரத்தில் 'பட்டாவியாவுக்குக் கிழக்கே' என்று டச்சில் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கால ஜாவா தாள்களுக்குப் பூஜ்யம் கிரீன்விச் அல்ல, பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. 106°48'27.79" கூட்டுங்கள்.

மலைக்குருவி:
ஆமாம், இருக்கிறது! கூட்டியதும் ஜாவாவுக்கு வந்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால், எல்லாமே தென்மேற்கே 80 மீட்டர் போலத் தள்ளி நிற்கிறது. ஏரிக்கரையைப் பிடித்து இழுத்துவிடவா?

சங்கிலிக்காரர்:
ஐயோ, ஏரிக்கரையைத் தொடாதீர்கள் தம்பி. நீர்மட்டம் ஏறி இறங்கும். அமில நீர் வழிந்து கீழே போகாமல் இருக்க டச்சுக்காரர்கள் அணையே கட்டினார்கள். எரிமலை நாட்டில் ஆற்றையும் நம்ப முடியாது.

கூட்டியதை அழித்துவிட்டு, தாளில் உள்ள எண்களையே கொடுங்கள். ஆனால் ஆய முறையாக டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்துவது) வேண்டாம், இபிஎஸ்ஜி 4813 (பட்டாவியாவைப் பூஜ்யமாகக் கொண்ட ஆய முறையின் எண்) தேர்ந்தெடுங்கள். வெறுமனே கூட்டினால் பூஜ்யக் கோடு மட்டும்தான் மாறும். தாளை வரைந்தது பெஸ்ஸல் 1841 என்ற, பூமியின் வடிவத்துக்கான நீள்வட்டக் கோளத்தின் மேல், பட்டாவியா டேட்டத்தில் (அந்தக் கோளத்தைப் பூமியோடு பொருத்தும் அடிப்படை). அந்த வித்தியாசம்தான் உங்கள் 80 மீட்டர். 4813-இல் இரண்டும் அடக்கம்.

அப்புறம், சரிபார்க்கச் சாலைச் சந்திப்புகளை எடுங்கள். பெயர் தேடும்போது கவனம்: பழைய எழுத்துக்கூட்டலில் 'உ' ஓசைக்கு ஓ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்து வரும், 'ஜ'வுக்கு டி, ஜே. ரவுங் மலையை இன்றைய எழுத்தில் தேடி நான் ஒரு மாலையைத் தொலைத்தேன்.

மலைக்குருவி:
பொருந்திவிட்டது அண்ணா! மடிப்பு விழுந்த வடகிழக்கு மூலை மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. பள்ளத்திலிருந்து மேற்கே இறங்கும் ஆற்றுக்கு பன்யூ பஹிட், கசப்பு நீர் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அளக்கப் போனவர்கள் குடித்துப் பார்த்திருப்பார்களோ! பக்கத்துத் தாள் எங்கே கிடைக்கும்?

பழைய காம்பஸ்:
லைடன் பல்கலைக்கழக நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் தேடுங்கள். இஜெனுக்கு 'டி' போட மறக்காதீர்கள்.