ஊட்டி கிழங்கா, ஆக்ரா கிழங்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டையில இருந்து எழுதுறேன். பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட்: உருளைக்கிழங்கை எப்படிப் பயிர் பண்ணா மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் கம்மி?

நேத்து ஒரு கிலோ ஊட்டி கிழங்கு கழுவினேன், சிங்க் அடியில ஒரு கைப்பிடி செம்மண். மலைச்சரிவுல தோண்டும்போது மழை பிடிச்சா எவ்வளவு மண்ணு அடிச்சுட்டுப் போகும்! 1961-ல அங்க கண்டுபிடிச்ச முட்டைக்கூட்டு நூற்புழுவுக்கு (கிழங்குச் செடியோட வேரைத் தாக்குற பொடிப் புழு) மருந்து வேற. ஆக்ரா பக்கம் சரிவு இல்ல. ஆனா நிலத்தடி நீர்ப் பாசனம், மாசக்கணக்கா குளிர்பதனக் கிடங்கு, அப்புறம் லாரி.

இயற்கை முறையில ரசாயனம் மிச்சம், சரி. விளைச்சல் குறைஞ்சா கூடுதல் நிலம் வேணுமே? அப்போ கெடுதலைக் கணக்குப் போடுறது ஏக்கருக்கா, கிலோவுக்கா? இங்கதான் மாட்டிக்கிட்டோம்.

நீலகிரியில கிழங்கு போடுறவங்க, வேளாண்மை படிச்சவங்க இருந்தா, ஒரு போகத்துக்கு உரம், மருந்து, தண்ணி எவ்வளவுன்னு சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.