போன் கேமரா எடுத்த முகம் உங்களைச் சங்கடப்படுத்தின அனுபவம் உண்டா?

திண்டுக்கல்காரி:
தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நடந்தது. ஜாதகத்தோட போனது அவளே எடுத்த செல்ஃபி. போன் கேமராவுல இருக்கிற பியூட்டி மோட் முகத்தை வெளுப்பாக்கி வழவழன்னு ஆக்கிடும்னு உங்களுக்கே தெரியும். காபி குடுத்துட்டு நிமிர்ந்தா, மாப்பிள்ளையோட அம்மா போனை அவ கன்னத்துக்கிட்ட தூக்கிப் பிடிச்சு, படத்தையும் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க, ஜவுளிக்கடையில பிளவுஸ் பிட்டுக்குக் கலர் பார்க்கிற மாதிரி. சம்பந்தம் அமையலைன்னு எனக்கு வருத்தமே இல்ல. அந்தக் கை நீண்டு வந்ததுதான் இன்னும் உறுத்துது.

கடலூர்வாசி:
எங்க அப்பாவோட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கைவசம் இருந்தது பேத்தி எடுத்த செல்ஃபிதான், அதையே அடிச்சோம். தெருமுனையில நின்னு அத்தை கேட்டாங்க: "அண்ணன் நெத்தித் தழும்பு எங்கடா?" சின்ன வயசுல கிணத்துப் படியில விழுந்த தழும்பு. போன் அதை வழிச்சுப் போட்டிருக்கு.

படப்பெட்டி:
போனை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. பிலிம் காலத்துலயே ஸ்டுடியோவுல நெகட்டிவ் மேல பென்சில் வச்சு டச்சப் பண்ணுவாங்க. என் கடையில ஒரு பொண்ணு பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துட்டு "இது நான் இல்ல"ன்னு அழுதுச்சு. திருத்தாத படம் அது! கண்ணாடியிலயும் செல்ஃபி திரையிலயும் தெரியறது இடவலம் மாறின முகம். அதுலயே பழகிட்டோம். தூரம் இன்னொரு காரணம். 12 அங்குலத்துல எடுத்தா, 5 அடியில எடுத்ததை விட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018ல அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. அதனால வேற ஒருத்தரை அஞ்சடி தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் கிராப் பண்ணுங்க. ஜன்னல் வெளிச்சம் போதும். கேமராவுல பியூட்டி அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. 2020ல கூகுளே பிக்ஸல் 4ஏ போன்ல இருந்து முகத்திருத்தத்தை முன்கூட்டியே அணைச்சுத்தான் தர ஆரம்பிச்சது. வாங்கினதும் முதல்ல அந்த செட்டிங்கைப் பாருங்க.

கடலூர்வாசி:
டச்சப் எனக்கும் தெரியும் சார். எங்க ஊர் ஸ்டுடியோ அண்ணன் "மச்சம் இருக்கட்டுமா, எடுத்துடவா?"ன்னு கேட்டுட்டுத்தான் கை வைப்பார். போன் யார்கிட்ட கேட்டுச்சு? கருமாதிக்கு வேற படம் வச்சோம், பழைய கல்யாண ஆல்பத்துல இருந்து. தழும்போட.

திண்டுக்கல்காரி:
படப்பெட்டி சார், தங்கச்சிக்கு மூக்கைப் பத்தி யாரும் குறை சொல்லல. நிறத்தைத்தான் பார்த்தாங்க. அஞ்சடி தள்ளி நின்னு எடுத்தாலும் அந்தம்மா போனை அப்படித்தான் பிடிச்சிருப்பாங்க.